மூளை மூட்டம்: டெல்டாவில் எவரும் கணக்கெடுக்காத ஒரு சுகாதாரப் பிரச்சினை

கொரோனாவுக்குப் பிறகு மருத்துவர் அறையிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு இறங்கிவந்த சொற்களில் 'பிரெயின் ஃபாக்' ஒன்று. தமிழில் மூளை மூட்டம் என்கிறோம். சொல் பரவிய வேகத்தில் பொருள் குழம்பிப்போனது. சிலர் இதை மறதிநோயின் முதல் படி என்று பயப்படுகிறார்கள். சிலர் சோம்பலுக்கு வைத்த நாகரிகப் பெயர் என்று சிரிக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் நினைவாற்றல் டானிக் விற்கிறவர் நன்றாகப் பிழைக்கிறார்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இந்தச் சொல்லைக் கேட்டிராதவர்களுக்கும் அந்த நிலை தெரியும். 'மந்தமாக இருக்கிறது', 'சொல்ல வந்தது நின்றுபோகிறது', 'தலைக்குள் பஞ்சை அடைத்ததுபோல் இருக்கிறது' என்பார்கள். கேட்கிறவர் வயதாகிவிட்டது என்பார், வெயில் என்பார், கவலை என்பார். மூன்றும் சில நேரம் உண்மைதான். பல நேரம், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவதற்குக் கிடைத்த சாக்கு. காய்ச்சல் வந்தால் காரணம் தேடுகிறோம், மூட்டத்துக்குத் தேடுவதில்லை. தேடினால், டெல்டாவில் கிடைக்கக்கூடிய காரணங்களில் பல அதிகச் செலவில்லாமல் சரிசெய்யக் கூடியவை.

சொல்லின் பொருள் என்ன?

மூளை மூட்டம் என்பது மருத்துவர் சீட்டில் எழுதும் நோயின் பெயர் கிடையாது. நோயாளி தன் நிலையை வர்ணிக்கும் சொல். 'தலைசுற்றல்' மாதிரி. தலைசுற்றலுக்குள் காதுக் கோளாறு இருக்கலாம், ரத்த அழுத்தம் இருக்கலாம், காலையில் சாப்பிடாமல் கிளம்பியதும் இருக்கலாம். மூட்டம் என்று சொல்கிறவரின் பேச்சைப் பிரித்துப் பார்த்தால் பொதுவாக நான்கு குறைகள் தென்படும்.

1. கவனம் நிற்காமை. செய்தித்தாளில் ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் பதியாது. பக்கத்தில் டிவி ஓடினால் எதிரில் இருப்பவரின் பேச்சைத் தொடர முடியாது.

2. செயல்படு நினைவு குறைதல். ஒன்றை மனதில் ஏந்திக்கொண்டே அதை வைத்து வேலை பார்க்கும் திறன் இது. டெல்டாவில் இதற்குத் தவில் வாசிப்பைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கை வேறொரு கணக்கில் சொற்களைக் கோத்துக்கொண்டே போகும். கோர்வை முடியும் இடத்தில் இரண்டும் ஒன்றாக வந்து விழ வேண்டும். அந்த எட்டை ஏந்தியிருக்கும் இடம்தான் செயல்படு நினைவு. மளிகைக் கடையில் ஐந்து சாமான் சொல்லி, விலையைக் கூட்டி, மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பது அதே வேலையின் எளிய வடிவம். மூட்டம் பிடித்தவருக்கு மூன்றாவது சாமானிலேயே கணக்கு கைநழுவும்.

3. சொல் கிடைக்காமை. 'அந்த, அதுதான், அரிசி புடைப்பது' என்று தடுமாறி, முறம் என்ற சொல் அரை மணி நேரம் கழித்து, தேவை தீர்ந்த பிறகு வந்து நிற்கும்.

4. வேகக் குறைவும் மூளைக் களைப்பும். வேலை நடக்கும். இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். முடித்தபின் நாள் முழுக்க நாற்று நட்டதுபோல் அசந்துபோவார்.

இதை வேறு இரண்டு நிலைகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, டிமென்ஷியா எனும் மறதிநோய். அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போவது. தெரிந்த தெருவில் வழி தப்புவது, அடுப்பில் பாலை வைத்ததே நினைவில்லாமல்போவது என்று அன்றாட வாழ்வையே குலைப்பது. மூட்டம் பிடித்தவர் பெரும்பாலும் தானே முறையிடுவார். மறதிநோய் முற்றியவர் தனக்கு ஒன்றுமில்லை என்பார். முறையிடுவது மனைவியோ மகனோ. இதை விதியாகக் கொள்ள முடியாது, ஆனால் நல்ல துப்பு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது.

மற்றொன்று திடீர்க் குழப்பம். காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் ஆள் தெரியாமல் பேசுகிறார், வாய் கோணுகிறது, ஒரு கை தொங்குகிறது, காய்ச்சலோடு பிதற்றுகிறார், தலையில் அடிபட்ட மறுநாள் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் அதை மூட்டம் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே அவகாசம். கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகர் மருத்துவமனைக்குப் போகும் நேரமும் அதற்குள்தான் அடக்கம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

மந்தம் புதிதல்ல. எண்ணிக்கை புதிது. கொரோனாவுக்கு முன் இந்த அறிகுறியை இவ்வளவு பெரிய அளவில் யாரும் அளந்து பார்த்ததில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் 'கொரோனாவுக்குப் பிந்தைய நிலை'க்கு ஒரு வரையறை தந்தது. தொற்று வந்து மூன்று மாதம் அளவில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள் என்பது அதன் சாரம். களைப்பு, மூச்சுத்திணறலோடு சேர்த்து அறிவாற்றல் குறைவும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருந்தது. 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 785 பேரை இரண்டு முறை மூளை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் தொற்று வந்த 401 பேருக்கு, வாசனையோடு தொடர்புள்ள பகுதிகளில் மூளைத் திசு கூடுதலாகச் சுருங்கியிருந்தது. 2024இல் வெளியான இன்னொரு ஆய்வுக்காக இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையவழிச் சோதனைகளை எழுதினார்கள். தொற்று வந்து முழுக்கக் குணமானவர்களிடம்கூடச் சிறிய பின்னடைவு. அறிகுறி நீடித்தவர்களிடம் அதைவிட அதிகம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களிடம் மிக அதிகம். நுண்ணறிவு ஈவாக (ஐ.க்யூ.) மாற்றிச் சொன்னால் முறையே சுமார் 3, 6, 9 புள்ளிகள். தனி ஒருவருக்கு மூன்று புள்ளி தெரியவே தெரியாது. ஒரு மாவட்டமே மூன்று புள்ளி இறங்கினால் அது வேறு கதை.

2025இல் வெளியான அமெரிக்கத் தொலைபேசிக் கணக்கெடுப்பு ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. கவனம் செலுத்துவதிலோ நினைவு வைத்துக்கொள்வதிலோ முடிவெடுப்பதிலோ கடும் சிரமம் உண்டா என்ற ஒரே கேள்வி. 18 முதல் 39 வயதுக்காரர்களில் ஆம் என்றவர்கள் 2013இல் 5.1 சதவீதம், 2023இல் 9.7. வருமானம் குறைந்தவர்களிடம் பாரம் அதிகம். காரணத்தை அந்த ஆய்வு முடிவுகட்டவில்லை. நமக்கு முக்கியம் அதன் எளிமை: ஒரு கேள்வி கேட்டார்கள், ஒரு பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்தது.

டெல்டாவில் மூட்டம் எங்கிருந்து வருகிறது?

கொரோனா ஒரு காரணம்தான். மற்றவை அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தவை.

1. இரும்பும் பி12ம்

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். மூளைக்கு ஆக்சிஜன் கொண்டுபோவது ரத்தத்தின் இரும்பு. கவனத்தைக் கட்டுப்படுத்தும் டோபமைன் போன்ற வேதிப்பொருள்களை மூளை தயாரிக்கவும் அதே இரும்பு வேண்டும். கையிருப்பு கரையும்போது, முகம் வெளுப்பதற்கு முன்பே மந்தம் வந்துவிடலாம். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் பார்க்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. பிள்ளை பிறந்து சில ஆண்டுகள் கழித்து, மாதவிடாயில் அதிகப் போக்கு உள்ள 42 வயதுப் பெண்ணுக்கு யார் பார்க்கிறார்கள்? சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் தேநீரும் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். கும்பகோணத்துக்காரர்களிடம் காபியை விடச் சொல்லும் துணிவு எவருக்கும் வராது. சாப்பாட்டுக்கும் டம்ளருக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

பி12 இயல்பாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான். எனவே இது சைவ வீடுகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்கிறோம். மாதத்தில் இரண்டு நாள் கறி எடுக்கிற கூலி வீட்டின் தட்டையும் பாருங்கள். மீதி நாள்களில் சோறும் ரசமும்தான். கல்லீரல் பி12ஐ ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு மெதுவாக, சத்தமில்லாமல் வரும். கால் எரிச்சல், மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், அதோடு மறதி. நரம்புகளின் மேலுறை தேய்வதன் விளைவு இது. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், 'கேஸ் மாத்திரை'யைத் தினமும் வெறும் வயிற்றில் போடுகிறவர்களுக்கும் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். கால் எரிச்சலைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு, பி12ஐப் பார்க்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிற தவறு.

இங்கே ஒரு முரண். ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் உண்டு. அரிசி மாவில் சத்தைக் கலந்து அரிசி வடிவிலேயே வார்த்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். அந்த மணி நிறத்தில் சற்று வேறுபடும், ஊறவைத்தால் சில நேரம் மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்ற வதந்தி இதிலிருந்துதான் கிளம்பியது. நெல்லை விளைவித்து அனுப்பும் ஊரிலேயே, முறத்தில் புடைத்து, விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சத்து மணியை எறிந்துவிட்டு உலை வைக்கிறார்கள். அதிகாரிகள் சுவரொட்டி ஒட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைக்காமல், ரேஷன் கடை வாசலில் ஒருமுறை சமைத்துக் காட்டியிருக்கலாம்.

2. சர்க்கரையும் தைராய்டும்

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று மதிப்பிட்டது. நீண்டகாலம் உயர்ந்திருக்கும் சர்க்கரை மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். இறங்கும் சர்க்கரை அப்போதைக்கப்போதே மந்தத்தைக் காட்டும்: மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பழையதைக்கூடச் சாப்பிடாமல் வயலுக்குப் போனவர் பதினொரு மணிக்கு வரப்பில் உட்கார்ந்து எதற்கு வந்தோம் என்று யோசிப்பார். தைராய்டு சுரப்பு குறைந்தால் உடலின் எல்லா வேகமும் குறையும், சிந்தனையும் சேர்த்து. டி.எஸ்.ஹெச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும்.

அயோடின் பற்றி ஒரு வார்த்தை. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு 2006 முதல் நாடு முழுவதும் தடை உண்டு. உப்புக்காகச் சிறை சென்ற வேதாரண்யத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உப்பைப் பற்றிப் பாடம் நடத்துவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உப்பளத்திலிருந்து நேரே வந்த கல்லுப்பு, அயோடின் கலக்காத வரை, கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்குத் தேவையானதைத் தராது.

3. தூக்கம்

டெல்டாவின் மூட்டத்துக்குப் பருவம் உண்டு. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் குவியும். வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டியவர் முறைக்காகக் காத்திருக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வழக்கமாக எடுக்க மாட்டார்கள் என்பதால் பகலில் சாலை ஓரத்தில் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிவிட வேண்டும். இரவில் தூறல் விழுந்ததும் எழுந்து தார்ப்பாயை இழுத்து, நான்கு மூலையிலும் செங்கல் வைக்க வேண்டும். மாடு வரும், கொசு வரும். குவியல் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுத்து, மணிக்கு ஒருமுறை விழித்துக்கொண்டு மூன்று இரவு, நான்கு இரவு. ஐந்தாவது நாள் எடை போடும்போது மூட்டைக் கணக்கு அவருக்கு நிற்பதில்லை. கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதும்.

தூக்கமிழப்பு எந்த அளவுக்கு மூளையைத் தாழ்த்தும் என்பதை 1990களிலேயே அளந்திருக்கிறார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்வேகம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்குகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு விதித்துள்ள வரம்பு 30 மில்லிகிராம். அதாவது இரவு முழுக்கக் கண்விழித்துக் குவியலுக்குக் காவல் இருந்துவிட்டு விடியற்காலையில் டிராக்டர் ஓட்டி வருகிறவர், ஒரு சொட்டுக் குடிக்காமலே, போலீஸ் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்கிறவரைவிட மோசமான நிலையில் ஓட்டுகிறார். அவரை ஊதச் சொல்லி ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு வகை, எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காதவர்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் செருகுவது. இது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். வீட்டில் குறட்டையைக் கேலி செய்வதோடு நின்றுவிடுகிறோம்.

4. வெயில், தண்ணீர், உப்பு

உடல் எடையில் இரண்டு சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே கவனம் பிசகத் தொடங்கும். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஒரு லிட்டர் வியர்வை. நடவு வயலில் ஒதுங்க இடமில்லை என்பதால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆகவே மந்தத்துக்கு ஒரு மருந்து, வயல் பக்கத்தில் கழிப்பறை. மருத்துவப் புத்தகத்தில் இதை யாரும் எழுத மாட்டார்கள்.

முதியவர்களுக்கு நேரெதிர் ஆபத்து ஒன்று உண்டு. ரத்த அழுத்தத்துக்காக உப்பை அடியோடு நிறுத்தியவர், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சாப்பிட்டு, கோடையில் வியர்த்து, வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரியும். சோர்வு, தடுமாற்றம், பிதற்றல். குடும்பம் மூளையில் ஏதோ என்று பதறி ஸ்கேனுக்கு ஓடும். விடை ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் இருக்கும்.

5. கடை மாத்திரை

காய்ச்சல், உடம்புவலி, சளி என்றதும் மருந்துக்கடையில் 'ஒரு செட் கொடுங்கள்' என்று வாங்கிப் பழகிவிட்டோம். அதில் பெரும்பாலும் குளோர்ஃபெனிரமைன் போன்ற ஒவ்வாமை மாத்திரை ஒன்று இருக்கும். நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கும். இளையவருக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான். எழுபது வயதுக்காரருக்கு இரண்டு நாள் தலை தெளியாது. மருத்துவர் ஒருமுறை எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை அதே பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குவதும் இதே ரகம்.

மதுவையும் இங்கேயே சொல்லிவிடலாம். தொடர்குடி வைட்டமின் பி1ஐ அழித்து, நினைவையே நிரந்தரமாகப் பறிக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். நெல்லை அவித்துக் குத்தும் புழுங்கல் முறையில் பி1 அரிசிக்குள்ளேயே தங்குகிறது. முன்னோர் செய்துவைத்த அந்த ஏற்பாடு, சாப்பாட்டைத் தள்ளிவைத்துக் குடிக்கிறவருக்கு உதவாது.

6. பூச்சிமருந்து

ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் பூச்சியைக் கொல்வதும் மேலே சொன்ன அசிட்டைல்கோலின் வழியாகத்தான். அதைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். மனித உடலிலும் அதே நொதி இருக்கிறது. அதிக அளவில் ஏறினால் வாயில் நீர் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வியர்த்துக் கொட்டும். அது உடனே மருத்துவமனை போக வேண்டிய நஞ்சேற்றம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல பருவங்கள் பட்டவர்களிடம் கவனமும் நினைவும் குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறம் நஞ்சின் தரத்தைச் சொல்லும்: சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. கைலியை மடித்துக் கட்டி, வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு எதிரே தெளித்துப்போகிற கூலித் தொழிலாளியின் கையில் அந்த டப்பா வருவதில்லை. கலக்கிய வாளிதான் வருகிறது.

7. மனம்

மனச்சோர்வு உள்ளவர்கள் பலர் துக்கம் என்று முறையிடுவதில்லை. மறதி என்றுதான் முறையிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டக் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதுக் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டும் கடன் வட்டி ஓடும். இரவு முழுக்கக் கணக்குப் போடும் தலைக்குப் பகலில் வேறு எதற்கும் இடமிருக்காது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மனஸ்) தமிழிலேயே பேசலாம்.

காது கேட்காமையும் நினைவில் இருக்கட்டும். கேட்காததும் மறந்ததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

இது ஏன் பொதுச் சுகாதாரப் பிரச்சினை?

ஒருவரின் மந்தம் அவர் தலையோடு நிற்பதில்லை. மருந்தின் அளவு தப்புகிறது, மாத்திரையை இரண்டு முறை விழுங்குகிறார், மோட்டார் சுவிட்சில் ஈரக்கை படுகிறது. கொடியது, மூட்டத்துக்கு ஊர் வைக்கும் பெயர். மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வாரத் தவணையில் யார் கொடுத்தது, யார் கொடுக்காதது என்பதில் இரண்டு முறை தப்பு வந்தால், 'உனக்கு ரத்தம் பார்த்தாயா?' என்று எவரும் கேட்பதில்லை. 'பணம் எங்கே போனது?' என்றுதான் கேட்பார்கள். உடலின் குறை நாணயத்தின் குறையாகிவிடுகிறது. பள்ளியில் அதுவே 'படிப்பில் அக்கறை இல்லை' என்றாகும், வேலையிடத்தில் 'ஏமாற்றுக்காரன்' என்றாகும்.

அரசின் ஏட்டிலும் இதற்கு இடமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாற்றுத்திறன் கேள்வியில் நினைவு, கவனம் பற்றித் தனியாக எதுவும் கிடையாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மூளை மூட்டம் இல்லை. எண்ணாததற்கு நிதி ஒதுக்க முடியாது.

எண்ண முயன்றாலும் அளவுகோலில் சிக்கல் உண்டு. மருத்துவமனைச் சோதனைகள் பல பள்ளிக்கூடம் போனவரை மனதில் வைத்துச் செய்தவை: கடிகாரம் வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இன்றைய தேதி சொல். இதில் தோற்கும் எழுபது வயது நடவுக்காரம்மாவுக்கு நினைவுக் குறைவா, பள்ளிக் குறைவா? ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் நடந்த ஆய்வுக்காக, எழுதப் படிக்கத் தெரியாத கிராம முதியவர்களுக்கென்றே 1990களில் ஹிந்தியில் ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். டெல்டாவுக்கு ஒன்று செய்தால் அதில் கேட்க வேண்டியது இப்படி இருக்கும்: இது ஐப்பசியா, கார்த்திகையா? மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை கண்டால் வேலிக்கு எத்தனை? இருபது மா ஒரு வேலி என்ற நில அளவை மூச்சோடு அறிந்த பழைய விவசாயி இருநூற்று நாற்பது என்று யோசிக்காமல் சொல்வார். அவர் நின்று யோசிக்கத் தொடங்கினால் அதுதான் சேதி.

என்ன செய்யலாம்?

புதுக் கட்டடமோ புதுத் திட்டமோ வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். 'நினைவிலோ கவனத்திலோ சிரமம் இருக்கிறதா?' என்ற ஒரு வரியை அவர்கள் கேள்வித்தாளில் சேர்க்கலாம். ஆம் என்பவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம், தேவைப்பட்டால் டி.எஸ்.ஹெச்., பி12, சோடியம். கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கும் நாளைக் குறைப்பதும் சுகாதார நடவடிக்கைதான். அந்த மூன்று இரவைத் திருப்பிக் கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது.

தனிமனிதருக்கு, வரிசை முக்கியம். பலர் தலைகீழாகப் போகிறார்கள்: முதலில் டானிக், அடுத்து எம்.ஆர்.ஐ., கடைசியில் ரத்தம். ரத்தத்தில் தொடங்குங்கள். ஸ்கேன் வேண்டுமா என்பதைப் பரிசோதித்த மருத்துவர் முடிவுசெய்யட்டும். போவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்.

1. எப்போது தொடங்கியது: எந்தக் காய்ச்சலுக்குப் பிறகு, எந்த மாத்திரைக்குப் பிறகு, எந்த அறுவடைக்குப் பிறகு.

2. நாளில் எந்த நேரம் மோசம். சாப்பிடுவதற்கு முன்பா, பின்பா, விடியற்காலையா.

3. முன்பு எளிதாகச் செய்து இப்போது முடியாத ஒரே ஒரு வேலை. 'மறதி' என்று சொல்வதைவிட 'பூ கட்டும்போது கண்ணி எண்ணிக்கை தப்புகிறது' என்று சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அறுபதைத் தாண்டியவர் என்றால் கூடவே இருப்பவர் ஒருவரும் போக வேண்டும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்: சர்க்கரைக்கு, கேஸுக்கு, தூக்கத்துக்கு, மூட்டுவலிக்கு, பக்கத்து வீட்டார் நன்றாகக் கேட்கிறது என்று கொடுத்தது உட்பட. கடையில் அட்டையிலிருந்து வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த 'செட்' மிச்சமிருந்தால், அந்தக் காகிதத்தையும்.